கணுக்கால் ஆறும் காலமும் கூலி நாளும்

கணுக்கால் வீங்கி அரசு மருத்துவமனைக்கு வரும் கட்டடத் தொழிலாளிக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் சீட்டில் எழுதப்படுவது பெரும்பாலும் மூன்றுதான்: வலி மாத்திரை, க்ரேப் பேண்டேஜ், ஓய்வு. முதல் இரண்டும் மருந்து கொடுக்கும் ஜன்னலில் கிடைத்துவிடும். ஓய்வு அங்கே கிடைக்காது. நாள் கூலிக்குப் போகிறவர் படுத்தால் அன்றைய வரும்படி நின்றுவிடும். ஒரு வாரம் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துவிடுவார். வாங்கிய அட்வான்ஸ் கழியாமல் நிற்கும். அதனால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காலைக் கட்டிக்கொண்டு மனிதர் வேலைக்குப் போய்விடுகிறார். ஆறு மாதம் கழித்தும் சாயங்காலமானால் கால் வீங்குகிறது என்கிறார். சுளுக்குத்தானே என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் காயம் ஆற எவ்வளவு காலம் பிடிக்கும், அதற்கு ஓய்வு உண்மையிலேயே வேண்டுமா, வேண்டுமென்றால் அந்த நாட்களின் கூலியை யார் தருவது? இந்த மூன்றையும் சேர்த்து யாரும் பேசுவதில்லை. மருத்துவ ஆய்வுகள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. அவற்றிலும் சோதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் விளையாட்டு வீரர்கள், ராணுவ மாணவர்கள். தொழிலாளர் சட்டம் மூன்றாவதைப் பேசுகிறது. ஆனால் உயிர் போனதையும் உறுப்பு போனதையும் பார்க்கும் அளவுக்கு, நொண்டிக்கொண்டு வேலை செய்யும் மாதங்களை அது பார்ப்பதில்லை.

முதலில் காயம். கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முனையிலிருந்து பாதத்துக்கு மூன்று இணைப்பு நார்கள் ஓடுகின்றன. மருத்துவர்கள் லிகமென்ட் என்பது இவற்றைத்தான். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முன்னால் இருக்கும் நார் முதலில் கிழிகிறது. வேகம் அதிகமானால் அதற்கு அடுத்து கீழ்நோக்கி ஓடும் நாரும் கிழியும். பின்னால் உள்ளது கிழிவது அரிது. சாரத்திலிருந்து இறங்கும்போது கடைசிக் கட்டையைத் தவறவிடுவது, உடைந்த செங்கல் மீது கால் வைப்பது, தலையில் சும்மாடும் கலவைச் சட்டியும் இருப்பதால் காலடியைப் பார்க்க முடியாமல் போவது என்று கட்டட வேலையில் இதற்கு வழிகள் நிறைய. லாரியிலிருந்து மூட்டையோடு இறங்கும் சுமைப்பணியாளருக்கு, சொந்த எடையோடு மூட்டையின் எடையும் அந்த ஒரு கணத்தில் அந்த நாரின் மேல் இறங்குகிறது. காலில் இருப்பதோ பெரும்பாலும் ரப்பர் செருப்பு.

நார் ஆறுவது மெதுவாகத்தான். தசைக்கு இருக்கும் அளவு ரத்த ஓட்டம் அதற்குக் கிடையாது. முதல் சில நாட்கள் வீக்கம். பிறகு சில வாரங்களுக்கு உடல் புது இழைகளைப் போடுகிறது. அவை ஒழுங்கில்லாமல், பலம் குறைந்து இருக்கும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டு வரையில், இழுவிசை வரும் திசையில் அந்த இழைகள் சீராகி உறுதிப்படுகின்றன. வலி குறைந்துவிட்ட மூன்றாம் வாரத்தில் நார் ஆறிவிட்டது என்று தொழிலாளி நினைப்பது இயல்பு. உண்மையில் அப்போதுதான் அதன் உள்வேலை பாதி வழியில் இருக்கிறது.

எலும்பு முறிந்ததா இல்லையா என்பதற்கு நல்ல வழிகாட்டி ஒன்று உண்டு. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்ட விதிகள் அவை. கணுக்காலின் இருபுற எலும்பு முனைகளில், பின்விளிம்பை ஒட்டிய கீழ் 6 சென்டிமீட்டரில் அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பு நடுவில் புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும், மருத்துவரிடம் வந்த பிறகும் நான்கு அடி நடக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உடல் உழைப்பாளிகளிடம் ஓர் எச்சரிக்கை தேவை. வலியோடு நடந்து பழகியவர்கள் முறிந்த காலோடும் நடந்து வந்துவிடுவார்கள். நடந்துதானே வந்தார் என்று அனுப்பிவிடாமல், விரலால் அழுத்திப் பார்ப்பதற்கு இங்கே மதிப்பு அதிகம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இன்னும் கவனம் வேண்டும். உணர்ச்சி மழுங்கிய பாதம் பெரிதாக வலிக்காமல் வீங்கிச் சூடாக இருந்தால், அது சார்கோ பாதம் எனப்படும் எலும்பு நொறுங்கும் நிலையாக இருக்கலாம். அதைச் சுளுக்கு என்று கட்டிக்கொண்டு நடந்தால் பாதத்தின் வடிவமே போய்விடும்.

சுளுக்கு எடுப்பவரிடம் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் முதல் சிகிச்சை பெரும்பாலும் அங்கேதான். எண்ணெய் போட்டு உருவிவிடுவது, புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடுவது, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டுவது, ஆந்திரத்துப் புத்தூரின் பெயரில் தமிழ்நாடு முழுக்கப் போடப்படும் கட்டு, குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களின் சிகிச்சை என்று இது பரந்த உலகம். கால்மாறிப் பிறந்தவர் மிதித்தால் போய்விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. இவர்களிடம் மக்கள் போவதற்கு அறியாமையைக் காரணம் சொல்கிறவர்கள் நேரக் கணக்கைப் பார்ப்பதில்லை. அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கிறது; போனால் ஒரு நாள் கூலி போச்சு. வைத்தியர் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது வீட்டில் இருக்கிறார். இறுக்கிக் கட்டுவதும் பற்றுப் போடுவதும் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை, அசையாமல் பிடித்துவைப்பதில் ஓரளவு பயனும் உண்டு. முதல் நாட்களில் வீங்கிய காலை அழுத்தி உருவுவதும், சொடுக்கி இழுப்பதும்தான் ஆபத்து. உள்ளே கீறல் விழுந்த எலும்பு இருந்தால் அது விலகிவிடும்.

இனி ஓய்வு. அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978-இல் எழுதிய விளையாட்டு மருத்துவ நூலிலிருந்துதான் ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கும் ஒரு சூத்திரமாக உலகம் முழுக்கப் பரவின. முழு ஓய்வும் ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் அவரே எழுதினார். ஐஸ் வலியைத் தணிக்கும். அதைத் தாண்டி அதனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்பதே இன்றைய பொதுக் கருத்து. ஓய்வு விஷயத்தில் ஆய்வுகள் கொஞ்சம் நுட்பமாகப் பேசுகின்றன. பிரிட்டனில் 584 பேரை வைத்து நடந்து, 2009-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கடும் சுளுக்குக்காரர்களைப் பற்றியது. முழங்காலுக்குக் கீழே பத்து நாள் மாவுக்கட்டு போட்டவர்கள், வெறும் குழாய் பேண்டேஜ் மாட்டியவர்களைவிட மூன்று மாதத்தில் தெளிவாக மேலான நிலையில் இருந்தார்கள். ஒன்பது மாதத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வேறோர் ஆய்வு, அவ்வளவு கடுமையில்லாத சுளுக்குகளில் முதல் வாரத்திலேயே அளவான பயிற்சியைத் தொடங்கியவர்கள் சீக்கிரம் நன்றாக நடந்தார்கள் என்று காட்டியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான். பெரிய கிழிசலுக்கு ஒரு வாரம், பத்து நாள் அசையாமல் பிடித்துவைப்பது உதவும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கட்டிலில் கிடப்பதில் பயனில்லை. கால் தாங்கும் அளவுக்குப் படிப்படியாகச் சுமை ஏற்றிக்கொண்டே போனால்தான் நார் பலப்படும். முதல் நாளே நாற்பது சட்டி கலவை தூக்கினால் மறுபடி கிழியும். உழைப்பாளிக்கு வேண்டியது ஏறிக்கொண்டே போகும் ஓர் அளவு. ஆனால் நம் வேலைத்தளங்களில் இருப்பவை இரண்டே அளவுகள்: முழு வேலை, அல்லது வேலையே இல்லை. சுளுக்கு நாட்பட்டு நிற்பதில் பாதிக் காரணம் உடம்பில் இல்லை, இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

வேலைக்குத் திரும்பியதே குணமானதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது எவ்வளவு தவறு என்பதற்கு அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியான ஆய்வு நல்ல சான்று. ஆறாவது வாரத்தில் 95 விழுக்காட்டினர் விளையாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். திரும்பியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வலியோ இயக்கக் குறைவோ இருந்தது. ஆறு மாதத்தில் எல்லோரும் முழு இயக்கத்தில் இருந்தார்கள். 40 விழுக்காட்டினருக்குத் தொந்தரவு மிச்சம் இருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வந்த மதிப்பீடு, ஓராண்டுக்குப் பிறகும் வலி இருப்பவர்கள் 5 முதல் 33 விழுக்காடு வரை என்கிறது. இளம் வயது, நல்ல சாப்பாடு, கூடவே மருத்துவர் என்று எல்லாம் அமைந்தவர்களுக்கே இந்த நிலை.

ஏன் இப்படி? சிலருக்கு முதலில் கண்ணில் படாத காயம் உள்ளே இருக்கும். கணுக்காலுக்கு மேலே இரண்டு கால் எலும்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் நார் கிழிந்திருக்கலாம். வெளிப்பக்கச் சுளுக்கைவிட அது ஆறுவதற்கு நிறைய நாளாகும். மூட்டுக்குள் தாலஸ் எலும்பின் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கலாம். கணுக்காலின் பின்னால் ஓடும் தசைநாண் கிழிந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் இவை பலநேரம் தெரிவதில்லை. ஆறு வாரம், எட்டு வாரம் ஆகியும் முன்னேற்றமே இல்லை, மூட்டு மாட்டிக்கொள்கிறது, ஆழத்தில் வலிக்கிறது என்றால் எம்ஆர்ஐ வரைக்கும் கேட்டுப் பார்ப்பது நியாயம்.

மற்றவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். லண்டனில் ஃப்ரீமன் என்ற மருத்துவர் 1965-இலேயே ஒரு கருத்தை முன்வைத்தார். நார் கிழியும்போது அதற்குள் இருக்கும் நுண்நரம்புகளும் கெடுகின்றன; பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற தகவல் சரியாக மேலே போவதில்லை; அதனால்தான் கால் திரும்பத் திரும்பப் புரளுகிறது என்றார். அவர் சொன்ன விளக்கம் பின்னாளில் பலவாறு திருத்தப்பட்டது. அவர் காட்டிய மருந்து நிலைத்துவிட்டது: ஒற்றைக்காலில் நின்று, ஆடும் பலகையில் நின்று சமநிலையைப் பழக்குவது. நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களை வைத்து 2009-இல் வெளிவந்த ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் வீட்டிலேயே எட்டு வாரம் இந்தப் பயிற்சியைச் செய்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கு அடுத்த ஓராண்டில் மறுபடி கால் சுளுக்கியது. செய்யாதவர்களில் 33 விழுக்காட்டினருக்கு. பிசியோதெரபிஸ்டிடம் வாரம் மூன்று முறை போக முடியாத ஒருவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. பல் துலக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நிற்பது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, பழைய சைக்கிள் டியூபைக் கட்டிப் பாதத்தை வெளிப்பக்கமாக இழுப்பது. காசு செலவில்லை.

மேல்நாட்டு நூல்கள் அதிகம் பேசாத ஒன்று நமக்கு மிகவும் முக்கியம்: குந்தி உட்காருவது. பாதத்தைத் தரையில் பதித்து முழங்காலை முன்னால் கொண்டுபோக, கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். சுளுக்குக்குப் பிறகு முதலில் குறைவதும் கடைசியில் திரும்புவதும் இந்த மடக்கம்தான். ஓடுபவருக்கு இது ஒரு சிறு குறை. டைல்ஸ் பதிப்பவருக்கு, தளத்தில் கம்பி கட்டுபவருக்கு, நாற்று நடுபவருக்கு இது தொழிலே. குந்த முடியாதபோது குதிகால் தூக்கிக்கொள்கிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறது, பாரம் மற்றக் காலுக்கும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகிறது. சில மாதத்தில் வலி இடுப்புக்கு வந்த பிறகு, அது கணுக்காலிலிருந்து தொடங்கியது என்பதே மறந்துபோயிருக்கும். அளந்து பார்ப்பது எளிது. சுவரைப் பார்த்து நின்று, குதிகாலை எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி, எவ்வளவு தூரம் வரை தொட முடிகிறது என்று இரண்டு காலிலும் பார்க்க வேண்டும். வித்தியாசம் விரலளவுகளில் தெரியும். அதே அசைவைத் தினமும் செய்துவந்தால் அதுவே பயிற்சி.

வேலைத்தளத்தில் ஒவ்வொரு நாளையும் கடப்பது எப்படி? மருந்துக்கடையில் வாங்கும் செட் மாத்திரையைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. அதில் இருக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகளைச் சில நாட்கள் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்வதில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இல்லை. வாரக்கணக்கில், வெறும் வயிற்றில் டீயோடு, மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துகொண்டு விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கேடும் வரும். செட்டில் சிலநேரம் ஸ்டீராய்டும் இருக்கும். தவிர, வலியை அமுக்கிவிட்டால் காலின் எல்லை தெரியாமல் போய்விடும். மறுநாள் காலை எழுந்ததும் முதல் நாலு அடி எப்படி இருக்கிறது என்பதே சரியான அளவுகோல். நேற்றைவிட விறைப்பும் வலியும் கூடியிருந்தால் நேற்றைய வேலை அதிகம். கூடவில்லையென்றால் இன்று கொஞ்சம் ஏற்றலாம்.

க்ரேப் பேண்டேஜ் மத்தியானத்துக்குள் தளர்ந்துவிடும். கயிறோ பட்டையோ வைத்து இறுக்கும் கணுக்கால் பிடிப்பு, குறிப்பாக ஒருமுறை சுளுக்கிய காலுக்கு, மறுமுறை புரளுவதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. சில மாதங்கள் வேலை நேரத்தில் அணியலாம். தசை பலவீனமாகிவிடும் என்று பயந்து கழற்ற வேண்டியதில்லை, பயிற்சியைத் தொடர்ந்தால் போதும். கலவை வேலையில் மட்டும் ஒரு ஆபத்து: ஈரச் சிமென்ட் கடும் காரம். பேண்டேஜுக்குள் அது ஊறிப் பொழுதுக்கும் தோலில் உட்கார்ந்தால் தோல் வெந்துவிடும். ஈரமானால் உடனே கழற்றிக் கழுவிவிட்டு வேறு கட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய உதவியை மேஸ்திரியும் பொறியாளரும் செய்ய முடியும். ஒரு கட்டடத்தில் தரைமட்டத்தில் செய்யும் வேலை எவ்வளவோ உண்டு. கம்பி வளைப்பது, மணல் சலிப்பது, கருவிகளைப் பொறுப்பாகப் பார்ப்பது, சுவருக்குத் தண்ணீர் விடுவது. ஏணியும் சாரமும் தலைச்சுமையும் இல்லாத இந்த வேலைகளில் நான்கு வாரம் வைத்துக்கொண்டால், ஒரு தேர்ந்த கொத்தனார் பாதிக் காலோடு ஆண்டுக்கணக்கில் இழுபட வேண்டியதில்லை. கடைகளில் நிற்பவர்களுக்குச் சட்டமே ஒரு வழி செய்திருக்கிறது: 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றாக்கினார்கள். துணிக்கடையில் வீங்கிய காலோடு நிற்கும் பெண்ணுக்கு அந்த நாற்காலிதான் மருத்துவம்.

பெண்களின் நிலை தனியாகச் சொல்ல வேண்டியது. சித்தாள் வேலைக்குப் போகிறவர் கால் சுளுக்கி வீட்டில் இருந்தால் அதை யாரும் ஓய்வாக விட்டுவைப்பதில்லை. தண்ணீர் பிடிப்பது, குந்தித் துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் நடக்கும். கூலி போய்விடும், கால் ஆறாது. பிறகு வேலைக்கு வந்தால் அவருக்குக் கிடைப்பது சுமக்கும் வேலை மட்டுமே. கொத்தனாருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றாவது உண்டு, சித்தாளுக்கு அதுவும் அரிது.

கடைசியாகப் பணம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, இஎஸ்ஐ அட்டை வைத்திருப்பவரின் நிலை பரவாயில்லை. வேலையில் ஏற்பட்ட காயம் என்று பதிவானால், தற்காலிக இயலாமைக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது உண்டு. பதிவாகாமல் சாதாரண நோய் விடுப்பாக எழுதப்பட்டால் 70 விழுக்காடு, அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரை. அதனால் கால் புரண்ட அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுத வைப்பது முக்கியம். நாளைக்குச் சரியாகிவிடும் என்று பேசாமல் போவதில்தான் பலர் இந்த உரிமையை இழக்கிறார்கள்.

இஎஸ்ஐ இல்லாதவருக்கு 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வழி செய்தது. தற்காலிக இயலாமைக்கு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டை அரைமாதத்துக்கு ஒருமுறை வேலையளிப்பவர் தர வேண்டும். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 இந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் பழைய சட்டத்தின் கீழ் 2020-இல் மத்திய அரசு நிர்ணயித்த கணக்கு, எவ்வளவு கூலி வாங்கினாலும் மாதம் 15,000 ரூபாய் வரைதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே பதினைந்து நாளுக்கு அதிகபட்சம் 3,750 ரூபாய். ஒரு கொத்தனாருக்கு அது சில நாள் கூலி. இயலாமை மூன்று நாளைத் தாண்டாவிட்டால் எதுவுமே கிடையாது. ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர் முதன்மை வேலையளிப்பவரிடமும் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. சுளுக்குக்காக அந்த வழக்கைப் போட யாரும் துணிவதில்லை. போட்டவருக்கு அந்த வட்டாரத்தில் அடுத்த வேலை கிடைக்காது.

எஞ்சியிருப்பது நல வாரியம். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் அமைந்தது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பெருமைப்படத்தக்க ஏற்பாடு இது. விபத்து மரணம், உறுப்பிழப்பு, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, ஓய்வூதியம் ஆகியவைதான் அதன் உதவிகளின் மையம். கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டுக்குக் குறையாமல் செஸ் வசூலிக்க 1996-இன் மத்தியச் சட்டம் வழிசெய்தது. அந்தப் பணம் இந்தத் தொழிலாளிகளுக்கானதுதான். காயம்பட்ட முதல் ஆறு வாரத்துக்குக் குறைந்தபட்சக் கூலியின் ஒரு பங்கை இதிலிருந்து தருவது நடக்காத காரியமில்லை. மருத்துவர் சீட்டோடு, பிசியோதெரபிக்கு வந்துபோன பதிவும் இருந்தால் கொடுக்கலாம். வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டை அனுப்பும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து அதற்கான ஆட்களும் கிராமம் வரை போகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், தொழிலாளிகள் வேலை முடிந்து வரும் நேரத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு மணி நேரம் இருந்தாலே ஒரு நாள் கூலியை இழக்காமல் கணுக்காலைக் காட்ட வழி பிறக்கும்.